பாறையின் சாட்சியம்: அணுக்கழிவுப் புதைப்பு குறித்து இயற்கை யுரேனியம் சொல்வதும் சொல்லாததும்

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளியில் உப்புப் பருவம் தொடங்குமுன் பாத்திகளைச் சீர்செய்வார்கள். தேங்கிய மழைநீரை வடித்து, படிந்த சேற்றை வாரி, களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை சரியாக இறுகாவிட்டால் கட்டிய உப்புநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், உப்பு விளையாது. 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய இடம் என்று இவ்வூரைப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அந்த உப்பு விளைந்த தரையை மிதித்தவர்கள் யார் என்று அவை கேட்டதில்லை.

சில மாதங்களுக்கு முன் வேதாரண்யத்தில் கல்லூரி மாணவர்களுக்காக நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் கல்பாக்கம், கூடங்குளம் பற்றிப் பேச்சு வந்தது. மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "தோழர், ஆப்பிரிக்காவில் இயற்கையே ஓர் அணு உலையை நடத்தி, அதன் கழிவை 200 கோடி ஆண்டுகளாகப் பாறைக்குள் வைத்திருக்கிறதாம். அப்படியானால் நாம் எதை எதிர்க்கிறோம்?" அக்கேள்விக்கு அன்று என்னால் முழுமையாக விடையளிக்க இயலவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர்தான் பேசினார்: "களிமண்ணு தண்ணிய விடாது தம்பி. ஆனா தரையில ஒரு தடவ வெட்டு விழுந்துட்டா, அப்புறம் ஒட்டுப் போட்டாலும் கசியும்."

அந்த மாணவருக்கு நான் கடன்பட்டிருக்கும் விடையே இக்கட்டுரை. வேதாரண்யத்தில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டம் எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். எனினும் இதே கடற்கரையில் வடக்கே கல்பாக்கமும் தெற்கே கூடங்குளமும் இயங்குகின்றன. அவற்றில் சேரும் கழிவு என்றேனும் ஓரிடத்தைத் தேடிச் செல்லத்தான் வேண்டும். அந்நாளில் "இயற்கையே செய்துகாட்டியது, அஞ்சாதீர்கள்" என்ற வாதம் நம் முன் வைக்கப்படும். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி முன்வைக்கப்பட்டால் அவர் சொன்னதைக் கேட்பதோடு, அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்றும் விசாரிப்பது வழக்கறிஞரின் கடமை. பாறையையும் அவ்வாறே விசாரிப்போம்.

இயற்கையை ஏன் சாட்சிக்கு அழைக்கிறார்கள்?

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் பல தனிமங்கள் கலந்திருக்கின்றன. சீசியம்-137 போன்றவற்றின் அரையாயுள் ஏறத்தாழ 30 ஆண்டுகள். சில நூற்றாண்டுகளில் அவற்றின் வீரியம் அடங்கிவிடும். புளுட்டோனியம்-239இன் அரையாயுள் சுமார் 24,100 ஆண்டுகள். அயோடின்-129இன் அரையாயுளோ 1.5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆகவே இக்கழிவை மனிதரிடமிருந்தும் நிலத்தடி நீரிலிருந்தும் இலட்சம் ஆண்டுக் கணக்கில் பிரித்துவைக்க வேண்டியுள்ளது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. இலட்சம் ஆண்டு நிலைக்கும் என்று எந்தக் கட்டுமானத்துக்கும் எவரும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க முடியாது.

அறிவியலாளர் பெரும்பாலோர் பரிந்துரைக்கும் வழி, நிலத்துக்கு அடியில் சில நூறு மீட்டர் ஆழத்தில், உறுதியான பாறைக்குள் இதனைப் புதைப்பதாகும். கழிவை உலோகக் கலத்தில் அடைத்து, அதனைச் சுற்றி நீரை உறிஞ்சி உப்பும் பெண்டோனைட் என்ற களிமண்ணை நிரப்பி, வெளியே பாறையையே அரணாகக் கொள்வது அதன் அமைப்பு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையை இருபது, முப்பது ஆண்டுகள் நடத்தலாம்; ஓர் இலட்சம் ஆண்டு நடத்த முடியாது. அந்த இடைவெளியை நிரப்பவே நிலவியலாளர் யுரேனியம் இயற்கையாகக் கிடைக்கும் இடங்களுக்குச் சென்றனர். அங்கே சோதனை கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. எது நகர்ந்தது, எது நகரவில்லை, எதனால் என்று கண்டறிந்தால் புதைகிடங்கின் எதிர்காலத்தை ஓரளவு கணிக்கலாம். இவற்றை 'இயற்கை ஒப்புமைகள்' என்கிறார்கள்.

முதல் சாட்சி: காபோனின் ஓக்லோ

1972இல் பிரான்சின் பியர்லாட் செறிவூட்டல் ஆலையில் ஒரு கணக்கு இடித்தது. உலகில் எங்கு தோண்டிய யுரேனியத்திலும் யுரேனியம்-235 என்ற வகை 0.7202 விழுக்காடு இருக்கும். மத்திய ஆப்பிரிக்காவிலுள்ள காபோனின் ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்த தாதுவில் அது 0.7171 விழுக்காடாக இருந்தது. வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் அணுகுண்டுக்குப் பயன்படக்கூடிய பொருளில் ஒரு கிராம் குறைந்தாலும் கணக்குக் காட்டியாக வேண்டும். தேடிச் சென்றபோது 0.44 விழுக்காடு வரை குறைந்த தாதுவும் அங்கே கிடைத்தது. குறைந்த பகுதி திருடப்படவில்லை, ஏற்கெனவே எரிந்துபோயிருந்தது.

சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியம்-235இன் பங்கு மூன்றரை விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. இன்றைய அணு உலைகளுக்குச் செறிவூட்டித் தயாரிக்கும் எரிபொருளுக்கு நிகரான அளவு அது. செறிந்த தாதுவுக்குள் நிலத்தடி நீர் புகுந்ததும் அணுப்பிளவுத் தொடர்வினை தானாகத் தொடங்கியது. வெப்பத்தில் நீர் ஆவியானதும் வினை நின்றது. பாறை ஆறி மீண்டும் நீர் வந்ததும் தொடங்கியது. ஏறத்தாழ அரை மணி நேரம் எரிந்து, இரண்டரை மணி நேரம் ஓய்ந்தது என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இவ்வாறு சில இலட்சம் ஆண்டுகள் நடந்தது. இப்படி ஒன்று நடந்திருக்கக்கூடும் என்று பால் குரோடா என்ற வேதியியலாளர் 1956இலேயே கணித்திருந்தார்.

இதில் நமக்குரிய செய்தி, எரிந்த பின் எஞ்சிய பொருள்களின் கதை. அங்கு உருவான புளுட்டோனியம், தான் சிதைந்து மறையும் வரை, பிறந்த இடத்திலிருந்து சில மீட்டருக்கு அப்பால் செல்லவில்லை. யுரேனியத்தின் பெரும்பகுதியும், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் தாதுவிலேயே தங்கின. உலோகக் கலமும் கற்காரையும் காவலும் இல்லாமல் இது நடந்தது. மாணவர் கேள்விப்பட்டது இந்தப் பகுதிதான், அது உண்மையே.

சாட்சியத்தின் மறுபாதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின், வளிமப் பொருள்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி ஓக்லோவில் தங்கவில்லை. நீரில் எளிதாகக் கரைவனவும் காற்றாய்ப் பரவுவனவும் வெளியேறிவிட்டன. மேலும், ஓக்லோவிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில் பங்கோம்பே என்ற இடத்தில் இன்னோர் இயற்கை உலை இருந்தது. அது தரைக்குச் சில மீட்டர் ஆழத்திலேயே கிடந்ததால் மழைநீரும் காற்றும் பட்டு, அங்கிருந்த பொருள்கள் ஓரளவு அரிக்கப்பட்டன. ஆக, ஓக்லோ "எல்லாம் தங்கும்" என்று சொல்லவில்லை. ஆழமும் நீரும் வேதியியலும் பொருந்திய இடத்தில் சில பொருள்கள் தங்கும் என்றே சொல்கிறது.

ஓக்லோவைப் பற்றிய அறிவியல் கட்டுரைகளில் அரிதாகவே இடம்பெறும் இன்னொரு செய்தியும் உண்டு. அவ்வட்டாரத்தில் 1961 முதல் யுரேனியம் வெட்டி எடுக்கப்பட்டது. முதல் பதினைந்து ஆண்டுகள் அளவுக்குத் தாது ஆலையின் கழிவு மண் அருகிலிருந்த ஓடையிலேயே விடப்பட்டது. பாறை 200 கோடி ஆண்டுகள் பிடித்துவைத்திருந்ததைச் சுரங்கம் சில ஆண்டுகளில் ஆற்றோரத்து மக்களின் நீரில் கலந்தது. சாட்சிப் பாறையை ஆராய அறிவியலாளர் வந்தனர். ஓடையில் நீர் எடுத்தவர்களின் கதையைக் கேட்க வந்தோர் குறைவு.

இரண்டாம் சாட்சி: சிகார் ஏரி

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தின் வடக்கே சிகார் ஏரி என்ற இடத்தில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகச் செறிந்த யுரேனியப் படிவுகளுள் ஒன்று உள்ளது. வயது ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகள். அதனைச் சுற்றி நீர் ஊறிய மணற்பாறை இருக்கிறது. ஆயினும் நிலத்தின் மேற்பரப்பில் அப்படிவு இருப்பதற்கான கதிரியக்க அடையாளம் எதுவும் தென்படவில்லை. துளையிட்டுப் பார்த்த பிறகே அது கண்டறியப்பட்டது.

காரணங்கள் இரண்டு. முதலாவது, தாதுவைப் போர்வைபோல் மூடியிருக்கும் களிமண் படலம். நீர் அதனுள் மிக மெதுவாகவே நுழையும். நுழைந்தாலும் களிமண் துகள்கள் கதிரியக்கப் பொருள்களைத் தம்மிடமே பிடித்துக்கொள்ளும். உப்பளத் தொழிலாளியின் கால் அறிந்த அதே உண்மை இது. இரண்டாவது, ஆழத்து நீரில் உயிர்வளி அநேகமாக இல்லை. யுரேனியம் உயிர்வளி உள்ள நீரில் கரைந்து ஓடும். இல்லாத நீரில் கரையாமல் கல்லாகவே கிடக்கும். டெல்டா விவசாயத் தொழிலாளருக்கு இதற்கு இணையான ஒன்று தெரியும். நீர் நின்ற நெல்வயலின் அடிச்சேறு கருநிறமாக இருக்கும். அதை வாரி வரப்பில் போட்டால் காற்றுப்பட்டுச் சில நாள்களில் செம்மை படரும். மண்ணிலுள்ள இரும்பு காற்றைச் சந்தித்ததும் மாறுவதன் அடையாளம் அது. அதே மண், அதே இரும்பு. காற்றுப் படாமல் இருந்தபோது ஒரு குணம், பட்டபின் வேறு குணம். யுரேனியத்துக்கும் நிலை இதுவே.

சிகார் ஏரியின் சாட்சியம் இத்துடன் முடியவில்லை. அத்தாதுவை எடுக்கச் சுரங்கம் அமைத்தபோது, 2006 அக்டோபரில் பாறை சரிந்து நீர் புகுந்து சுரங்கம் மூழ்கியது. நீரை இறைத்துக்கொண்டிருந்தபோது 2008இல் மீண்டும் நீர் புகுந்தது. உற்பத்தி தொடங்கியது 2014இல்தான். 130 கோடி ஆண்டுகள் நீருக்கு நடுவே அமைதியாக இருந்த இடத்தை மனிதர் குடைந்தபோது நடந்தது இது. புதைகிடங்கும் குடைந்துதான் கட்டப்படும். தாது பாறைக்குள் தானாக உருவானது. கழிவைப் பாறையை வெட்டித்தான் உள்ளே வைக்க வேண்டும். வெட்டிய வழியை மூடும் அடைப்பு எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு இயற்கைப் படிவுகளிடம் நேரடியான விடை இல்லை.

மூன்றாம் சாட்சி: கூங்காரா

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் கூங்காரா என்ற யுரேனியப் படிவு உள்ளது. இதன் மேற்பகுதி தரைக்கு அருகிலேயே இருப்பதால் மழைநீர் பட்டுச் சிதைந்துவருகிறது. 1987 முதல் 1992 வரை பல நாடுகளின் ஆய்வாளர்கள் இணைந்து இதனை ஆராய்ந்தனர். ஏறத்தாழ பத்து முதல் முப்பது இலட்சம் ஆண்டுகளில் யுரேனியம் நீரோட்டத்தின் திசையில் சுமார் 80 மீட்டர் பரவியிருப்பதைக் கண்டனர். அதைத் தடுத்து நிறுத்தியதில் களிமண்ணுக்கும் இரும்புத் துருக் கனிமங்களுக்கும் பங்குண்டு. சாதகமற்ற சூழலிலும் நகர்வு மெதுவாகவே இருந்தது என்பது இதன் ஒரு பொருள். காற்றும் மழையும் படும் ஆழத்தில் நகர்வு நிகழவே செய்யும் என்பது மறுபொருள்.

கூங்காரா நமக்குச் சொல்லும் பெரிய செய்தி வேறு. அந்நிலம் ஜோக் என்ற ஆதிக்குடிக் குலத்துக்கு உரியது. அக்குலத்தின் மூத்த காப்பாளர் ஜெஃப்ரி லீ, சுரங்கத்துக்கு இசைந்தால் கிடைக்கக்கூடிய பெருஞ்செல்வத்தை மறுத்து, அந்த நிலத்தைத் தேசியப் பூங்காவுடன் சேர்க்கக் கோரினார். 2011இல் அது உலக மரபுரிமைப் பகுதியில் சேர்க்கப்பட்டது. 2013இல் காக்கடு தேசியப் பூங்காவின் பகுதியாகச் சட்டமாயிற்று. யுரேனியம் பாறைக்குள்ளேயே இருக்கிறது. அதை அங்கே இருக்கச் செய்ததில் களிமண்ணைப் போலவே ஒரு மனிதரின் மறுப்புக்கும் பங்குண்டு. அந்த மறுப்பைச் செல்லத்தக்கதாக்கிய சட்டம் அங்கே இருந்தது.

கோலார்: நம்மவர் குடைந்த பாறை

இனி இந்தியாவுக்கு வருவோம். எரிந்த எரிபொருளை மறுசெயலாக்கம் செய்து, மிஞ்சும் உயர் கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியுடன் உருக்கிக் கலந்து பாதுகாப்பது இந்திய அணுசக்தித் துறையின் கொள்கை. கழிவின் அளவு குறைவு, ஆகவே ஆழ்நிலப் புதைகிடங்குக்கு இப்போது அவசரம் இல்லை என்பது அத்துறை தொடர்ந்து கூறிவரும் விடை. எனினும் தேடல் அற்றுப்போகவில்லை. 1980களில் கோலார் தங்கவயலில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை நடத்தியது. கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்கப்படவில்லை; மின்சூடேற்றிகளை வைத்து, கழிவின் வெப்பத்தைப் பாறை எவ்வாறு தாங்கும் என்று அளந்தார்கள்.

கோலார் தங்கவயல் நமக்கு வெறும் பெயரன்று. 1880களிலிருந்து அச்சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள். ஊரில் நிலமும் கிணறும் மறுக்கப்பட்டவர்கள் 3 கிலோமீட்டருக்கும் ஆழமான குழிக்குள் கூலி தேடினார்கள். பாறைவெடிப்பில் மடிந்தார்கள், கல்தூசியால் நுரையீரல் இறுகி மடிந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்கொண்டதும், 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926இல் அங்கிருந்து மீண்டும் வெளிவந்ததும் இம்மக்களாலேயே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். சயனைடு கலந்த தாதுக்கழிவு மேடுகளும் அவர்களுடன் இருந்தன.

2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வேளையில், அணுக்கழிவைக் கோலாரின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் வைக்கும் எண்ணம் குறித்த செய்தி வெளியானது. தங்கவயல் கொதித்தெழுந்தது, கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. அப்படியொரு திட்டம் இல்லை என்று ஒன்றிய அரசு மறுத்தது. செய்தி அடங்கியது.

பாறையின் சாட்சியத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். மூன்று படிவுகளும் ஒருமித்துச் சொல்வது ஒன்று: காப்பது சிதையாத பாறையும், அசையாத நீரும், காற்றுப் படாத ஆழமும். கைவிடப்பட்ட சுரங்கம் இவற்றுக்கு நேர் எதிரானது. நூறாண்டுக்கும் மேலாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வழிகள் குடையப்பட்டு, இறைப்பது நின்றபின் நீர் நிரம்பிய இடம் அது. ஜெர்மனி இத்தவற்றைச் செய்து பார்த்துவிட்டது. ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கலங்களில் குறைந்த, இடைநிலைக் கதிரியக்கக் கழிவை வைத்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் கரையாமல் கிடந்த உப்புப் படுகை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நம்பிக்கை. ஆனால் அது குடைந்து வெறுமையாக்கப்பட்ட உப்பு. 1988 முதல் அதற்குள் நீர் கசிகிறது. கழிவைத் திரும்ப வெளியே எடுக்க 2013இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வெட்டு விழுந்த தரை பற்றி வேதாரண்யத்துத் தொழிலாளி சொன்னது இதைத்தான்.

நிலவியல் பொருந்தாத ஓர் இடத்தின் பெயர் ஏன் அவ்வளவு எளிதாகப் பேச்சில் வந்தது? "கைவிடப்பட்ட" என்ற சொல்லில் விடை இருக்கிறது. நிறுவனம் கைவிட்டது, ஆகவே அங்கு எவரும் இல்லை என்பதுபோல் பேசப்பட்டது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'தரிசு', 'புறம்போக்கு' என்று எழுதப்பட்ட நிலங்களில் தலைமுறைகளாக நம் மக்கள் பட்டா இன்றி வாழ்வதை நாம் அறிவோம். நகரத்தின் குப்பைமேடு எந்தத் தெருவை ஒட்டி எழுகிறது என்பதையும் அறிவோம். யுரேனியம் எடுக்கப்படும் ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் ஆலைக் கழிவுக் குட்டைகள் ஆதிவாசிக் கிராமங்களின் அருகில் அமைந்தன. 2006 டிசம்பரில் கழிவு செல்லும் குழாய் உடைந்து ஓடையில் கலந்தது. அசுத்தத்தை யார் தொட வேண்டும், யாருடைய தெருவில் கொட்ட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருக்கும் சமூகத்தில், கழிவுக்கு இடம் தேடுவோரின் வரைபடம் வெற்றுத்தாளாக இருக்காது.

ஒப்புதல் இருந்த இடங்கள்

இதற்கு மாற்று உலகில் இல்லாமலில்லை. பின்லாந்து, எவுராயோகி என்ற ஊராட்சிப் பகுதியில் சுமார் 430 மீட்டர் ஆழத்தில் ஓன்காலோ புதைகிடங்கை அமைத்துள்ளது. அந்நாட்டின் 1987ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் உள்ளாட்சிக்கு மறுப்பதிகாரம் அளிக்கிறது. எவுராயோகி மன்றம் 2000 ஜனவரியில் 20க்கு 7 என்ற வாக்கில் இசைந்த பிறகே 2001இல் நாடாளுமன்றம் ஒப்புதல் வழங்கியது. கனடாவில் 2024 நவம்பரில் இடம் தேர்வானபோது, இக்னஸ் என்ற சிற்றூரும் வபிகூன் ஏரி ஓஜிப்வே முதற்குடியினரும் தனித்தனியே இசைவு தெரிவித்திருந்தனர்.

சுவீடனின் பாடம் வழக்கறிஞர்களுக்கு உரியது. அங்கே செப்புக் கலத்தில் கழிவை அடைத்துப் புதைக்கும் திட்டத்தைச் சுற்றுச்சூழல் நீதிமன்றம் விசாரித்தது. நிலத்தடியில் செம்பு எவ்வாறு அரிக்கப்படும் என்பதில் ஐயங்கள் எஞ்சியுள்ளன என்று 2018 ஜனவரியில் அது அரசிடம் தெரிவித்தது. கூடுதல் ஆவணங்கள் கேட்கப்பட்டன. உள்ளாட்சி மன்றம் 2020இல் வாக்களித்து இசைந்தது. 2022 ஜனவரியில் அரசு அனுமதித்தது. முடிவு சரியா, தவறா என்பது குறித்து அங்கும் வாதம் தொடர்கிறது. ஆனால் ஐயம் எழுப்பியவர்கள் தேசவிரோதிகள் ஆக்கப்படவில்லை. அவர்களுடைய ஐயம் நீதிமன்றப் பதிவில் ஏறியது.

கூடங்குளத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று அளித்த தீர்ப்பில் உலை இயங்க அனுமதித்து, 15 வழிகாட்டுதல்களையும் விதித்தது. எரிந்த எரிபொருளை நிரந்தரமாகக் கூடங்குளத்திலேயே வைத்துவிடுவார்களோ என்ற மக்களின் அச்சத்தைப் போக்க, ஆழ்நிலப் புதைகிடங்குக்கான நடவடிக்கைகளை விரைவில் எடுக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. உலை வளாகத்துக்குள் தற்காலிக சேமிப்பகம் கட்டுவதற்கே காலக்கெடு 2018இல் நீட்டிக்கப்பட்டது. அதற்காக 2019 ஜூலையில் நடப்பதாக அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பின் பின் ஒத்திவைக்கப்பட்டது. மின்சாரம் முதலில், கழிவுக்கான விடை பிறகு என்ற வரிசையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதன் விளைவு இது.

நாம் கேட்க வேண்டியவை

ஓக்லோவை மேற்கோள் காட்டி எவரேனும் நம்மிடம் பேசினால் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, இந்த இடத்தின் பாறை எது, நீர் எது? ஓக்லோவின் சாட்சியம் ஓக்லோவுக்கு உரியது. மற்றோர் இடத்துக்கு அதைப் பொருத்த வேண்டுமானால், அங்குள்ள நீரில் உயிர்வளி எவ்வளவு, நீரோட்டம் எத்திசையில், பிளவுகள் எங்கே என்ற அளவீடுகள் வேண்டும். காவிரிப் படுகை போன்ற ஆழமான வண்டல் நிலத்தில், அடுக்கடுக்காய் நீர்த்தேக்கங்கள் உள்ள இடத்தில், கனடாவின் களிமண்ணைச் சான்று காட்டுவது பொருந்தாது. "களிமண் காக்கும்" என்பது பொது உண்மை. "இந்தக் களிமண் காக்கும்" என்பது தனியாக நிறுவப்பட வேண்டியது.

இரண்டாவது, எந்தப் பொருள் தங்கும், எது தங்காது? புளுட்டோனியம் நகரவில்லை என்ற செய்தியைக் காட்டி அயோடினைப் பற்றிப் பேசாமலிருப்பது பாதிச் சாட்சியம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கணக்கு வேண்டும். அக்கணக்கை அரசு சாராத நிலவியலாளர் சரிபார்க்க வழி வேண்டும்.

மூன்றாவது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்கே எழுதப்பட்டுள்ளது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4(1)(இ) உட்பிரிவுக்கு இணையான கடமை ஒன்று அரசுக்கு உண்டு: மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அவை தொடர்பான தகவல்களை, எவரும் கேட்காமலே, அரசு தானாக வெளியிட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு. பாதுகாப்புக் காரணம் காட்டி விலக்குக் கோரினாலும், பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்று 8(2) பிரிவு சொல்கிறது. கோலார் பேச்சு எழுந்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டமோ, 18ஆம் பிரிவின் வழியே இரகசியம் காக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்தது. கிராம சபை தீர்மானம் நிறைவேற்றலாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். ஆனால் பின்லாந்தின் சிற்றூருக்கு உள்ள மறுப்பதிகாரம் நம் ஊராட்சி எதற்கும் இல்லை. கேட்பதற்கும் ஒப்புதல் பெறுவதற்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்பும் சட்டத்துக்காக இப்போதே குரல் எழுப்ப வேண்டும். இடம் அறிவிக்கப்பட்ட பின் எழுப்பும் குரலைத் தணிக்க வாகனங்களும் வழக்குகளும் வந்துவிடும் என்பதை இடிந்தகரை நமக்குக் கற்பித்திருக்கிறது.

கழிவு ஏற்கெனவே உருவாகிவிட்டது. அதனைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பு இந்தத் தலைமுறைக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. உலை வேண்டாம் என்போரும் அப்பொறுப்பிலிருந்து விலக முடியாது. அதன் அருகில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்வோர் நம்மவர்களே. ஆகவே பாறையைப் பற்றிய அறிவியலை நாம் புறந்தள்ளக் கூடாது. அதைக் கற்றுக்கொண்டு, முழுச் சாட்சியத்தையும் அவையில் வைக்க வேண்டும்.

அந்த மாணவருக்கு என் விடை இது. இயற்கை செய்துகாட்டியது உண்மை. அது செய்தபோது அந்நிலத்தின் மேல் மனிதர் எவரும் இல்லை. இன்று எங்கே குழி தோண்டினாலும் மேலே ஓர் ஊர் இருக்கும். அவ்வூரில் பாத்தி மிதிப்பவருக்குத் தரையைப் பற்றித் தெரிந்ததைக் கேட்காமல், அவருடைய இசைவைப் பெறாமல், அந்தக் குழி தோண்டப்படக் கூடாது.